நோயுற்றவரும் வேலைக்கு வராதவரும்: இ.எஸ்.ஐ. வரலாற்றில் ஒரு பிளவு

ஹைதராபாத் மெட்ரோவின் சிவப்புத் தடத்தில் மியாப்பூரிலிருந்து அமீர்பேட்டை நோக்கி வருவோர், எர்ரகட்டாவை அடுத்து ‘இ.எஸ்.ஐ. மருத்துவமனை’ என்ற நிலையத்தின் பெயரைக் கேட்டிருப்பார்கள். ஒரு சட்டத்தின் பெயரே நிலையத்தின் பெயராகியிருப்பதை அன்றாடம் பயணம் செய்வோர் கவனிப்பதில்லை. நானும் நெடுநாள் கவனிக்கவில்லை. அதே எர்ரகட்டாவில் அரசு நெஞ்சக மருத்துவமனையும் மனநல மருத்துவமனையும் உள்ளன. சனத்நகர் தொழிற்பேட்டையும், குளிர்பதனப் பெட்டிகளுக்குப் பெயர்பெற்ற ஆல்வின் தொழிற்சாலை இயங்கிய நிலமும் அருகில்தான். காசநோய், மனநோய், தொழிற்சாலை ஆகிய மூன்றும் ஒரே வட்டாரத்தில் அமைந்தமை எவரும் திட்டமிட்டதன்று என்றே நினைக்கிறேன். ஆயினும் இந்தியத் தொழிலாளர் வரலாற்றில் ஓயாது எழுந்த ஒரு கேள்வியை அந்த வட்டாரம் நினைவூட்டுகிறது. அடிக்கடி வேலைக்கு வராமல் போகும் தொழிலாளி நோயாளியா, பணியைக் கைவிட்டவரா? அதைத் தீர்மானிக்கும் அதிகாரம் யாருக்கு?

தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் 1948 ஏப்ரலில் இயற்றப்பட்டபோது ஹைதராபாத் இந்திய ஒன்றியத்தின் பகுதியாக இருக்கவில்லை. அவ்வாண்டு செப்டம்பரில்தான் நிஜாமின் அரசு முடிவுக்கு வந்தது. அதற்கு முன்பே இங்குத் தொழிலாளர் வர்க்கம் ஒன்று உருவாகிவிட்டிருந்தது. ராம்கோபால் ஆலை, வசீர் சுல்தான் புகையிலை நிறுவனம், வாரங்கலின் ஆசம் ஜாகி ஆலை, ஆல்வின், பிராகா டூல்ஸ் எனப் பட்டியல் நீளும். இத்தொழிலாளர்களில் பெரும்பாலோர்க்கு நோய் என்பது கூலியில்லா நாள் மட்டுமே. அதற்குச் சான்றிதழ் தேவைப்படவில்லை, ஏனெனில் அதைக் காட்டிப் பெறுவதற்கு எதுவும் இல்லை. இந்த எளிய உண்மையைப் பின்னர் வந்த புள்ளிவிவர ஆய்வாளர்கள் போதிய அளவு கருதிப்பார்க்கவில்லை என்பது என் எண்ணம். இ.எஸ்.ஐ. வந்தபின் நோயின் பெயரால் வேலைக்கு வராமை பெருகிவிட்டது என்று ஆலை உரிமையாளர்கள் முறையிட்டபோது, பெருகியது நோயா, ஏமாற்றா, அல்லது நோயைப் பதிவு செய்யும் பழக்கமா என்று கேட்டிருக்க வேண்டும். கூலியின்றிக் குடிசையில் கிடந்தவர் பதிவேட்டில் ‘வராதவர்’. அவரே மருந்தகத்துக்கு நடந்து சென்று தாள் ஒன்றைப் பெற்றதும் ‘நோயாளி’. இரண்டு நிலைகளிலும் காய்ச்சல் ஒன்றுதான்.

சட்டத்தின் முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1929இல் அமைக்கப்பட்டு 1931இல் அறிக்கை அளித்த விட்லி ஆணையம் நோய்க் காப்பீட்டின் தேவையை ஏற்றது. ஆனால் ஊருக்கும் ஆலைக்கும் இடையே அலையும் தொழிலாளிக்கு அதை எப்படிப் பொருத்துவது என்பதில் தயங்கியது. 1943இல் பொருளியல் பேராசிரியர் பி.பி. அதார்க்கரிடம் பணி ஒப்படைக்கப்பட்டது. 1944 ஆகஸ்டில் அவர் அறிக்கை அளித்தார். இங்கிலாந்தில் பெவரிட்ஜ் அறிக்கை வெளிவந்து இரண்டாண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை. உலகத் தொழிலாளர் அமைப்பின் வல்லுநர்கள் ஸ்டாக், ரகுநாத ராவ் ஆகியோர் அதை மறுபடி சீர்செய்தனர். 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் தில்லியிலும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. மற்ற தொழில் நகரங்களுக்கு அது படிப்படியாகவே பரவியது. அப்பரவலில் ஹைதராபாத்தும் இடம்பெற்றது.

திட்டத்தின் உள்ளமைப்புதான் நம் கவனத்துக்குரியது. தொடக்க விதிப்படி நோயுற்ற தொழிலாளிக்குக் கூலியில் ஏறத்தாழப் பாதி, ஆண்டுக்கு 56 நாள்கள் வரை கிடைத்தது. இன்று அது 70 விழுக்காடு. அடுத்தடுத்த இரு பயன்காலங்களில் 91 நாள்கள். ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாள்களுக்குச் சந்தா செலுத்தப்பட்டிருக்க வேண்டும். இந்த நிபந்தனையை ஒரு முறைக்கு இரு முறை படிக்க வேண்டும். அடிக்கடி வேலைக்கு வராதவரின் சந்தா நாள்கள் குறையும். சந்தா குறைந்தால் அடுத்த பயன்காலத்தில் உரிமை இல்லை. நோய் மிகுந்தவரையே முதலில் வெளியே தள்ளக்கூடிய வடிகட்டி இது. (உதவித்தொகை பெற்ற நாள்களைக் கணக்கில் சேர்ப்பது போன்ற விலக்குகள் அக்கூர்மையை ஓரளவு மழுக்குகின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும்.)

அடுத்தது காத்திருப்பு நாள்கள். ஒவ்வொரு நோய்க்காலத்திலும் முதல் இரண்டு நாள்களுக்குத் தொகை இல்லை. முந்தைய நோய்க்காலம் முடிந்து 15 நாள்களுக்குள் மீண்டும் நோயுற்றால் மட்டும் இந்த இரண்டு நாள் இழப்பு இல்லை. பிஸ்மார்க்கின் 1883ஆம் ஆண்டு ஜெர்மானியச் சட்டம் தொட்டு, 1927ஆம் ஆண்டு உலகத் தொழிலாளர் அமைப்பின் நோய்க் காப்பீட்டு உடன்படிக்கைகள் வரை, இத்தகைய காத்திருப்பு நாள்கள் எங்கும் உண்டு. சிறு நோய்களுக்குப் பணம் தர வேண்டாம், பொய்ச் சொல்லுக்கு விலை வைக்கலாம் என்பதே அதன் தருக்கம். ஆனால் நோயின் கால ஒழுங்கும் சட்டத்தின் கால ஒழுங்கும் ஒன்றல்ல. எர்ரகட்டாவிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள பேகம்பேட்டையில், 1897 ஆகஸ்ட் 20 அன்று, கொசுவின் வயிற்றில் மலேரியா ஒட்டுண்ணியை ரொனால்டு ராஸ் கண்டறிந்தார். அந்நோயின் ஒரு வகை உடலைவிட்டு நீங்கியதுபோல் தோன்றிச் சில வாரங்கள் அல்லது மாதங்கள் கழித்து மீண்டும் தலைகாட்டும். பதினாறாம் நாள் திரும்பிவரும் காய்ச்சல் சட்டத்தின் கண்ணில் புதிய நோய். மீண்டும் இரண்டு நாள் கூலி போகும். இரண்டே நாளில் தணியும் காய்ச்சல் ஆண்டுக்கு ஆறு முறை தனித்தனியே வந்தால், பன்னிரண்டு நாள்களுக்கும் ஒரு காசும் இல்லை. அவ்வாறு சிதறிய பன்னிரண்டு நாள்கள்தாம் மேற்பார்வையாளரின் குறிப்பேட்டில் ‘வழக்கமாக வராதவர்’ என்ற பெயரை ஈட்டித் தருகின்றன. நீண்ட நோயைச் சட்டம் ஓரளவு புரிந்துகொண்டது: காசநோய், தொழுநோய், மனநோய் உள்ளிட்ட 34 நோய்களுக்கு 80 விழுக்காடு கூலியுடன் இரண்டாண்டுகள் வரை நீட்டித்த உதவி உண்டு. விட்டுவிட்டு வரும் நோயைத்தான் அதனால் பிடிக்க முடியவில்லை.

இனி மறுபுறம். 1946ஆம் ஆண்டின் நிலையாணைச் சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட மாதிரி நிலையாணைகளில், விடுப்பின்றி வழக்கமாக வராமையும், தொடர்ந்து 10 நாள்களுக்குமேல் வராமையும் ஒழுங்கீனங்கள். இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73ஆம் பிரிவோ, நோய்க்கால உதவித்தொகை பெறும் காலத்தில் தொழிலாளியை நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்கிறது. இரண்டும் மோதிய இடம் சென்னைப் பெரம்பூர்.

பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலையில் வேலை செய்த வெங்கடய்யா என்பவர் 1957 ஜனவரியில் சில நாள் விடுப்பில் ஊருக்குச் சென்றார். மார்ச் வரை திரும்பவில்லை. ஊரில் நோயுற்றிருந்ததாக அரசு மருத்துவரின் சான்றிதழுடன் வந்தார். காப்பீட்டுக் கழகம் அச்சான்றை ஏற்றது. ஆலையின் மருத்துவ அலுவலரோ அவரைச் சோதித்துவிட்டு, ஏறத்தாழ இரண்டு மாதம் நோயுற்றிருந்தார் என்பதை உறுதிசெய்ய இயலாது என்றார். அந்த ஆலையின் நிலையாணை கடுமையானது: விடுப்பின்றித் தொடர்ந்து எட்டு வேலைநாள்கள் வராதவர், அறிவிப்பின்றித் தாமே வேலையைவிட்டுச் சென்றவராகக் கருதப்படுவார், நிர்வாகம் நிறைவுறும்படி விளக்கம் தந்தால் மட்டுமே அந்நாள்கள் சம்பளமில்லா விடுப்பாக மாறும். நிர்வாகம் நிறைவுறவில்லை. வழக்கு தொழிலாளர் நீதிமன்றம், உயர்நீதிமன்றம் ஆகியவற்றைக் கடந்து, ஆலையின் மேல்முறையீடாக உச்சநீதிமன்றத்தை அடைந்தது. 1963இல் கஜேந்திரகட்கர் எழுதிய தீர்ப்பு ஆலையின் பக்கம் நின்றது.

அத்தீர்ப்பின் வாதம் நுட்பமானது. அதன் விளைவு கொடியது. 73ஆம் பிரிவு தடுப்பது, வேலையளிப்பவர் முனைந்து செய்யும் தண்டனைச் செயலை மட்டுமே. நிலையாணையின்கீழ் வேலை முடிவது எவரும் செய்த செயலன்று. வராமையின் விளைவாகத் தானே நிகழ்வது. ஆகவே 73 இங்குப் பொருந்தாது. கழகம் சான்றிதழை ஏற்று உதவித்தொகை தரலாம். அது கழகத்துக்கும் தொழிலாளிக்கும் இடைப்பட்டது. நிலையாணையின்கீழ் விளக்கம் போதுமா என்று பார்க்கும் ஆலையை அது கட்டுப்படுத்தாது. ஆக, ஒரே மனிதர் ஒரே வாரங்களில் அரசின் ஏட்டில் நோயாளியாகவும், ஆலையின் ஏட்டில் வேலையைத் துறந்தவராகவும் இருக்கலாம். நோய்க்கான தொகை கையில் இருக்கும், வேலை இருக்காது.

இ.எஸ்.ஐ. சட்டத்தின் 64ஆம் பிரிவையும் இங்கு நினைவில் கொள்ள வேண்டும்: உதவித்தொகை பெறுபவர் சிகிச்சை அளிக்கப்படும் பகுதியை அனுமதியின்றி விட்டு நீங்கலாகாது. நோய் வந்தால் மருந்தகத்தின் அருகில் கிடக்கும் நகரவாசியையே சட்டம் கற்பனை செய்தது. ஆனால் பெரம்பூரிலும் ஹைதராபாத்திலும் பெருவாரியான தொழிலாளிக்கு நோய் என்றால் ஊர். கஞ்சி வைத்துக் கொடுக்க ஆள் இருக்கும் இடம். விட்லி ஆணையம் தயங்கிய அதே முடிச்சு இது. முப்பதாண்டுகளுக்குப் பின்னும் அவிழவில்லை.

இங்கிலாந்தோடு ஓர் ஒப்பீடு உதவும். அங்கு 1983 முதல் சட்டபூர்வ நோய்க்கால ஊதியத்தை வேலையளிப்பவரே தம் சம்பளப் பட்டியலிலிருந்து தருகிறார். எனவே அடிக்கடி வராதவர் நேரடிச் செலவாகிறார். நோயைப் பற்றிய விசாரணையும் நிறுவனத்துக்குள்ளேயே நடக்கிறது. இந்திய முறையில் சந்தா செலுத்தியதோடு வேலையளிப்பவரின் பணப்பொறுப்பு முடிகிறது. 2019 ஜூலை முதல் அது கூலியில் 3.25 விழுக்காடு, தொழிலாளியின் பங்கு 0.75. நோயின் செலவு கழகத்துடையது, வராமையின் இழப்பு ஆலையுடையது. ஒரு மருத்துவர் தரும் தாளை ஒருவர் பணச்சீட்டாகவும் மற்றவர் தப்பிக்கும் சீட்டாகவும் பார்த்ததற்கு இந்தப் பிரிவினையே காரணம். இ.எஸ்.ஐ. மருத்துவர்கள் சான்றிதழைத் தாராளமாக வழங்குகிறார்கள் என்ற புகார் பல்லாண்டு நீடித்ததும் இதனால்தான். நாளுக்குப் பல நோயாளிகளைப் பார்த்த அம்மருத்துவரின் நிலை பற்றித் தனியே ஓர் ஆய்வு எழுதப்பட வேண்டும்.

நீதிமன்றம் தன் நிலையிலிருந்து நகரப் பல்லாண்டுகள் ஆயின. 1982இல் ராபர்ட் டிசோசா வழக்கில், வராமைக்காகப் பெயரை ஏட்டிலிருந்து நீக்குவதும் ஆட்குறைப்பே எனக் கூறப்பட்டது. 1993இல் டி.கே. யாதவ் வழக்கில், எட்டு நாள் விதியைத் தானாக நிகழும் ஒன்றாகக் கொள்ள முடியாது, தொழிலாளியின் தரப்பைக் கேட்டாக வேண்டும் என்று மூன்று நீதிபதிகள் அமர்வு கூறியது. மீண்டும் வேலையும் பாதிப் பின்கூலியும் வழங்கியது. அவ்வழக்கின் தொழிலாளி நோயுற்றவர் அல்லர். வாயிலில் தடுத்து நிறுத்தப்பட்டதாகச் சொன்னவர். எனவே யாதவ் தீர்ப்பு வெங்கடய்யாவின் கேள்விக்கு நேர் விடை என்று வகுப்பறைகளில் சொல்லப்படுவதை நான் ஏற்கத் தயங்குகிறேன். கேட்கப்படும் உரிமை கிடைத்தது உண்மை. ஆனால் அவ்விசாரணையில் கழகம் ஏற்ற சான்றிதழுக்கு என்ன எடை என்பது நிர்வாகத்தின் ‘நிறைவு’ என்னும் பழைய சொல்லுக்கே பெரிதும் விடப்பட்டது.

ஆய்வு மாணவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். நோய்க்கால உதவித்தொகையின் வரலாற்றைக் கழகத்தின் ஆண்டறிக்கைகளிலிருந்து மட்டும் எழுதினால் அது வளர்ச்சியின் கதையாக அமையும்: காப்பீடு பெற்றோர் பெருகினர், நாள்கள் 56இலிருந்து 91ஆயின, கூலி வரம்பு 400 ரூபாயிலிருந்து 21,000 ஆனது. நிலையாணை வழக்குகளிலிருந்து மட்டும் எழுதினால் ஏய்ப்போரின் கதையாக அமையும். இவ்விரு ஏடுகளிலும் ஒரே ஆள் இரு பெயர்களில் வருகிறார் என்பதைக் காண, தொழிலாளர் நீதிமன்றத் தீர்ப்புகளைச் சான்றிதழ் தேதிகளோடு ஒப்பிட்டுப் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

இன்று ஹைதராபாத்தின் மேற்கே கண்ணாடிக் கட்டடங்களில் காவல் பணியிலும் துப்புரவுப் பணியிலும் இருப்போரில் பலர் ஒப்பந்ததாரர்களின் ஆட்கள். இ.எஸ்.ஐ. அட்டை வைத்திருப்போர் நோயுற்றால் சிவப்புத் தடத்தில் ஏறி அதே நிலையத்தில் இறங்கலாம். மருத்துவமனை தரும் சான்றிதழுக்குக் கழகம் பணம் தரும். அச்சான்றிதழை அவர்கள் யாரிடம் காட்டி வேலையைக் காத்துக்கொள்வது: கட்டடத்தின் மேலாளரிடமா, ஒப்பந்ததாரரிடமா, அவரும் மாறியிருந்தால் அடுத்து வந்தவரிடமா?