நகைச்சுவையும் வரலாறும்

வல்லத்தை அடுத்த செஞ்சிக் கோட்டையை, ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார்கான் பல்லாண்டு முற்றுகைக்குப்பின் 1698-இல் கைப்பற்றினார். ஆண்டுகளை மட்டும் அடுக்கும் பாடநூலில் இத்தகைய வரலாறு உயிரற்றுக் கிடக்கிறது.

அதற்கு உயிரூட்டியவர் கேலிச்சித்திரக்காரர் மதன். தில்லி சுல்தான்கள், மொகலாயர் வரலாற்றை 'வந்தார்கள் வென்றார்கள்' என்னும் தொடராக ஜூனியர் விகடனில் நகைச்சுவை கலந்து எழுதினார். பின்னர் அது நூலாயிற்று. மன்னர்களை அரக்கராகவோ அவுலியாக்களாகவோ அன்றி, குறைநிறையுள்ள மனிதர்களாக அதில் நாம் காண்கிறோம்.

முஸ்லிம் மன்னரைப் பற்றி நகைப்பதா எனச் சிலர் முகஞ்சுளிக்கலாம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் தோழர்களிடம் நகைச்சுவையாகப் பேசியதுண்டு. ஆயினும் உண்மையன்றி உரைத்ததில்லை. அவ்வெல்லைக்குள் நிற்கும் சிரிப்பு வரலாற்றுக்குத் துணையே என்போம். வெறுப்போடு எழுதப்படும் வரலாற்றுக்கு வெறும் புகழுரை விடையாகாது; உண்மையே விடை. அதனை நம் பிள்ளைகள் சிரித்தபடியே கற்கட்டும்.