கெடாத் தோட்டங்களில் கள்ளுக் கலயம்

கெடா மாநிலத்தின் சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரங்களில் இரப்பர்த் தோட்டங்கள் செழித்திருந்த காலத்தில், கள்ளுக்கடையும் தோட்ட வாழ்வின் ஓர் உறுப்பாகவே இருந்தது. அக்கடையின் கேட்டைப் பற்றிப் பேசியோர் பலர். கடைக்குக் கள்ளை ஈந்த கலயத்தையும் அதனைப் பேணிய மரமேறியின் அறிவையும் எண்ணிப் பார்த்தோர் சிலரே.

விரியாத தென்னம்பாளையைக் கட்டி, மெல்லத் தட்டிப் பதப்படுத்தி, நுனியைக் காலையும் மாலையும் சீவினால் சொட்டுவது இனிய சாறேயன்றிக் கள்ளன்று. ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரைக் காற்றும் பூச்சியும் கத்தியும் கலயத்தின் சுவருமே அதில் சேர்க்கின்றன. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் அவ்வுயிர் பெருகாது. சாறு இனிப்பாகவே நிற்கும். சுண்ணாம்பின்றி, முந்தைய நாளின் மண்டி சிறிது அடியில் தங்கியிருந்தால், பாலுக்கு உறைமோர் போல அதுவே வித்தாகிச் சில மணி நேரத்தில் நுரை பொங்கும்.

இடர்ப்பாடு இங்கேதான். மண்டியில் ஈஸ்ட்டு மட்டும் வாழ்வதில்லை. சாராயத்தைக் காடியாக்கும் பாக்டீரியாவும் உடன் வாழ்கிறது. கலயத்தை நாள்தோறும் கழுவி வெயிலில் காய வைக்காவிடில், ஒட்டிய பழைய மண்டியில் இரண்டாவதே வலுப்பெறும். காற்றுப்பட வைத்த கள் மறுநாளே புளித்துக் காடியாகத் தொடங்கும். ஆதலால் வித்தும் வேண்டும், அழுக்கும் கூடாது. பாத்திரத்தைத் தேய்த்துக் காயவைத்து, நல்ல கள்ளில் ஒரு சிறிது மட்டும் விடுவதே வழி.

ஐரோப்பியப் பியர் ஆலைகள் இதே இடர்ப்பாட்டில் சிக்கியவைதாம். 1876-இல் லூயி பாஸ்டர் பியரைக் கெடுக்கும் நுண்ணுயிர்களை ஆராய்ந்து நூல் வெளியிட்டார். 1883-இல் கோபன்ஹேகன் கார்ல்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒரே உயிரணுவிலிருந்து தூய ஈஸ்ட்டை வளர்த்தெடுத்தார். உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்டிராத மரமேறி, மணத்தையும் நுரையையும் கொண்டே தம் கலயத்தின் நலத்தை அறிந்தார். அப்பமாவில் கள் வார்த்துப் புளிக்க வைத்த தாய்மாரும் அவ்வறிவில் பங்குடையவரே.

உரிமம் பெற்ற கடையின் கள் தூயது, களவாகக் காய்ச்சும் சம்சுவே கொடிது என்று கடைக்கு ஆதரவாகச் சொல்லப்பட்டதுண்டு. முதற்கூற்றில் உண்மையுண்டு, ஆயினும் வாதம் முழுமையன்று. தூய வித்து சாராயத்தைக் குறைப்பதில்லை. அதனைத் தவறாமல் விளைவிக்கிறது. புளிப்பு நீங்கிய கள் இன்னும் எளிதாய்த் தொண்டையில் இறங்கும். கூலியும் அவ்வாறே கரையும். பீடோங் அருகே ஹார்வர்டு தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை கலயத்தின் தூய்மையைக் கேட்கவில்லை. கடையை மூடவே கேட்டது. 1947-இல் கள்ளுக்கடைமுன் மறியல் செய்த தொழிலாளர் காவல்துறையினரோடு மோத நேர்ந்தது. பலர் சிறை புகுந்தனர்.