மீக்கடத்தி எக்ஸ் கதிர் உணரி

எக்ஸ் கதிர் ஃபோட்டான் ஒன்று வந்து மோதும்போது உண்டாகும் மிகச் சிறிய சூட்டை அளந்து, அந்த ஃபோட்டானின் ஆற்றலைக் கணிக்கும் கருவி. அடிப்படையில் இது ஒரு தெர்மாமீட்டர்தான். வேலை செய்யும் இடம்தான் அசாதாரணமானது: தனிச்சுழி வெப்பநிலைக்குப் பத்தில் ஒரு டிகிரி மேலே.

கதை ஹாலந்தின் லைடன் நகரில் தொடங்குகிறது. 1908-இல் ஹீலியத்தைத் திரவமாக்கிய காமர்லிங் ஓனஸ், 1911-இல் பாதரசத்தின் மின்தடை 4.2 கெல்வினுக்கு அருகே சட்டென்று மறைவதைக் கண்டார். மீக்கடத்தல் என்றதும் எல்லோரும் பேசுவது தடையே இல்லாத நிலையைப் பற்றி. உணரி செய்பவர்களுக்கு வேண்டியதோ அந்த நிலைக்குச் சற்று முந்தைய செங்குத்துச் சரிவு. அங்கே உலோகத்தை நிறுத்திவைத்தால், மில்லிகெல்வினில் ஒரு சிறு பங்கு சூடு ஏறினாலும் மின்தடை பெரிதும் மாறும்.

இதை முதலில் பயன்படுத்திக் காட்டியவர் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக வேதியியலாளர் டொனால்ட் ஆண்ட்ரூஸ். 1941-இல் டான்டலம் கம்பியைக் கொண்டு அகச்சிவப்புக் கதிரை உணர்ந்தார்; 1949-இல் நயோபியம் நைட்ரைடு பட்டையில் ஆல்ஃபா துகள்கள் மோதிய துடிப்புகளைப் பதிவு செய்தார். அதன்பின் ஏறக்குறைய அரை நூற்றாண்டு இந்த யோசனை பெரும்பாலும் கிடப்பில் கிடந்தது. சரிவின் நடுவில் உணரி நிலைகொள்ள மறுத்தது. அதன் மெல்லிய சமிக்ஞையைப் பெருக்கத் தோதான பெருக்கியும் அன்று இல்லை. இரண்டாவது குறையை 1960-களில் பிறந்த ஸ்குவிட் என்ற மீக்கடத்திப் பெருக்கி தீர்த்தது. முதல் குறையைத் தீர்த்தவர் ஸ்டான்ஃபோர்டு மாணவர் கென்ட் இர்வின். மின்னோட்டத்தை விட்டுவிட்டு மின்னழுத்தத்தை மாறாமல் வைத்தால், சூடேறித் தடை கூடியதும் உள்ளே செல்லும் மின்திறன் தானே குறையும், உணரி பழைய இடத்துக்கே திரும்பும் என்று 1995-இல் காட்டினார். இத்துறையின் உண்மையான பிறந்த ஆண்டு அதுதான்.

குளிர்நிலை உணரிகள் இரண்டு வகை. சூட்டை அளப்பவை ஒன்று. மீக்கடத்தியில் இணைந்திருக்கும் எலக்ட்ரான் சோடிகள் உடைவதை எண்ணுபவை மற்றொன்று. எக்ஸ் கதிரைப் பொறுத்தவரை துல்லியத்தில் முதல் வகையே முன்னே நிற்கிறது. மாங்கனீசின் 5.9 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிரைச் சாதாரண சிலிக்கான் உணரி சுமார் 130 எலக்ட்ரான் வோல்ட் அகலத்தில் காட்டும். மீக்கடத்தி உணரி 2 எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் குறைவாகப் பிரித்துவிடும். ஒரு தனிமம் இருப்பதை மட்டுமல்ல, அது எந்த வேதிநிலையில் இருக்கிறது என்பதையும் அறிய இது உதவுகிறது.

இவற்றை உருவாக்கும் கைவேலையில் பெரும்பங்கு, முனைவர் பட்டம் முடித்துச் சில ஆண்டு ஒப்பந்தத்தில் சேரும் இளம் ஆய்வாளர்களுடையது. போல்டரில் உள்ள அமெரிக்கத் தரநிலை ஆய்வகத்தில் இந்தக் காலம் வழக்கமாக இரண்டாண்டு. மாலிப்டினத்தின் மேல் செம்பு அல்லது தங்கம் படிய வைத்து, மீக்கடத்தத் தொடங்கும் வெப்பநிலையை 100 மில்லிகெல்வின் பக்கம் இறக்குவார்கள். கதிரை உள்வாங்கப் பிஸ்மத் பூசுவார்கள். முடியளவு கம்பி ஒன்று அறுந்திருந்தாலும் குளிர்விப்பானைச் சூடாக்கித் திறந்து, சரிசெய்து, திரும்பவும் குளிர்விக்க வேண்டும். நாட்கள் போய்விடும்.

ஒரு பிக்சல், அதாவது ஒரு தனி உணரி, நொடிக்குச் சில நூறு ஃபோட்டான்களுக்கே திணறுவதால் இன்று பல பிக்சல்களை அடுக்கி, அவற்றை ஒரே கம்பியில் படிக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டு ஒளிமூல நிலையத்தில் 240 பிக்சல் கருவி இயங்கியிருக்கிறது. 2023 செப்டம்பரில் ஜப்பான் ஏவிய எக்ஸ்ரிசம் விண்கலத்தின் 36 பிக்சல் உணரியும் 50 மில்லிகெல்வினில்தான் வேலை செய்கிறது. ஆனால் அதன் தெர்மாமீட்டர் மீக்கடத்தி அல்ல, சிலிக்கான்.