தீயில் தப்பிய திமிங்கலம்

1656. போலந்தின் லெஷ்னோ நகரம் போரில் பற்றியெரிந்தது. அங்கே அகதியாக இருந்த செக் ஆசிரியர் கொமீனியஸின் வீடும் போச்சு. நாற்பது வருஷத்துக்கு மேல் உழைத்துச் சேர்த்த செக்-லத்தீன் அகராதியும் போச்சு!

நல்லவேளை, ஒரு புத்தகம் தப்பியது. ஹங்கேரியில் படம் செதுக்க ஆள் கிடைக்காமல், முன்பே நியூரம்பெர்க்குக்குப் போயிருந்த குழந்தைகள் புத்தகம் அது. 1658-ல் வெளியானது. முதல் எழுத்துக்குக் காகம்: ‘ஆ, ஆ’ என்று கரைகிறது! எழுத்துகள் முடிந்ததும் உலகம். கடலையே பார்த்திராத பிள்ளைகளுக்குத் திமிங்கலம், டால்பின், பறக்கும் மீன், சீல் எல்லாம் ஒரே பாடத்தில்!

ஒரு சறுக்கல்: திமிங்கலத்தை ‘மீன்’ என்று போட்டுவிட்டார். லின்னேயஸ் அதைப் பாலூட்டிகளோடு சேர்த்தது சரியாக நூறு வருஷம் கழித்து, 1758-ல்! அதனாலென்ன? பிரம்புக்குப் பயந்து எழுத்து படித்த குழந்தைக்குப் படம் பார்த்துச் சிரிக்க ஒரு புத்தகம் கிடைத்ததே!