பேரேட்டிலிருந்து கணிப்பொறிக்கு: ஓசூர் சரக்கறையின் கதை



மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்றார்கள். எனக்குக் கவிதையெல்லாம் வராது. பன்னிரண்டு வருஷமாக வாகன உதிரிபாகத் தொழிலில் இருப்பவன். ஆகவே தெரிந்த விஷயத்தையே எழுதுகிறேன்.

1965-இல் சேலத்திலிருந்து பிரிந்த நம் தர்மபுரி மாவட்டம் வறட்சிக்குப் பெயர்போனது. மழை பொய்த்தால் கேழ்வரகும் கிடையாது, வேலையும் கிடையாது. இந்த நிலையை மாற்றியதில் ஓசூருக்குப் பெரும்பங்கு உண்டு. (2004 பிப்ரவரி 9-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் உதயமாகும் வரை ஓசூரும் நம் மாவட்டம்தான்.) 1971-இல் தொடங்கப்பட்ட சிப்காட் அங்கே தொழில் வளாகம் அமைத்தது. 1980-இல் அசோக் லேலண்ட் ஆலை வந்தது. அதே ஆண்டு டி.வி.எஸ். 50 மொபெட் வெளிவந்தது. பிறகு டைட்டன் கடிகாரத் தொழிற்சாலை.

பெரிய ஆலை வந்தால் சுற்றிலும் சின்னப் பட்டறைகள் முளைக்கும். ஒரு வண்டிக்கு நூற்றுக்கணக்கான பாகங்கள். ஒரு போல்ட் வராவிட்டாலும் லைன் நின்றுபோகும். இதற்குப் பயந்து எல்லாவற்றையும் ஸ்டோர்ஸில் குவித்து வைப்பதே பழைய வழக்கம். ஒவ்வொரு தட்டிலும் ஒரு பின் கார்டு. வரவு, செலவு, இருப்பு எல்லாம் கையெழுத்தில். குவித்த சரக்கு என்பது முடங்கிய பணம்தானே!

இதற்கு வழி கண்டவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் ஜோசப் ஆர்லிக்கி. 1964-இல் அவர் உருவாக்கிய முறை மிக எளிமையானது. 1,000 வண்டி செய்ய 2,000 சக்கரம் வேண்டும். கையிருப்பு 300. ஆக வேண்டியது 1,700. வந்துசேரப் பத்து நாள் ஆகும் என்றால், பத்து நாள் முன்னதாக ஆர்டர் போடு. அவ்வளவுதான்! ஆனால் நூற்றுக்கணக்கான பாகங்களுக்கு இதைத் தினமும் போட மனிதரால் ஆகாது, கணிப்பொறியால் ஆகும். ஜப்பானில் டொயோட்டாவின் தாயிச்சி ஓனோ வேறு வழி கண்டார். எடுத்த அளவுக்கு மட்டும் திரும்ப நிரப்பச் சொல்லும் அட்டை. அதன் பெயர் கான்பான்.

1972-இல் ஜெர்மனியில் ஐ.பி.எம்.மை விட்டு வந்த ஐந்து பேர் சாப் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1992-இல் வந்த அவர்களுடைய ஆர்/3 மென்பொருளில் கொள்முதல், சரக்கு, உற்பத்தி, கணக்கு எல்லாம் ஒரே இடத்தில். நம் சென்னையிலேயே ராம்கோ நிறுவனம் 1990-களில் 'மார்ஷல்' என்ற மென்பொருளைக் கொண்டுவந்தது நமக்குப் பெருமை.

இன்று பட்டறைக்காரர் மாத ஷெட்யூலைத் திரையில் பார்க்கிறார். லாரி புறப்படுமுன், 2018-இல் வந்த இ-வே பில்லும் கணிப்பொறியில்தான்.

ஆனால் இதில் ஒரு சங்கடம் உண்டு, நண்பர்களே. பெரிய ஆலையின் இருப்பு குறைந்தால், அந்தச் சரக்கு எங்கே போகிறது? பெரும்பாலும் சின்னப் பட்டறையின் அலமாரிக்கு! ஷெட்யூல் திடீரென்று மாறினால் செய்துவைத்த பாகம் அவர் தலையில். பாகம் மணிக்கணக்குப் பார்த்து வரவேண்டும். பில் பணமோ மாதக்கணக்கில் தாமதம். சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. தாமதித்தால், பணத்தைத் தரும் வரை அதைச் செலவாகக் கழித்து வருமான வரியைக் குறைத்துக்கொள்ள முடியாது என்று 2023-இல் திருத்தமும் வந்தது. சரக்கு வந்த நிமிஷத்தைக் குறிக்கும் கணிப்பொறிக்குப் பணம் தரவேண்டிய தேதியும் தெரியும். பட்டனை அழுத்த மனசு வேண்டும், அவ்வளவே.

இன்னொன்று. திரையில் 400 என்று இருக்கும். தட்டில் எண்ணினால் 320. கழித்துப்போட்ட பாகத்தை யாரும் பதிவு செய்திருக்க மாட்டார்கள். தப்பான எண்ணைக் கொடுத்தால் கணிப்பொறி தப்பையே வேகமாகச் சொல்லும். 2002-இல் டி.வி.எஸ். மோட்டார் டெமிங் பரிசு வாங்கியதும் மென்பொருளுக்காக அல்ல. ஆலை முழுவதும் தரத்தைக் கட்டிக்காத்ததற்காக.

தம்பி, தங்கைகளே! வேலைக்குச் சேர்ந்தால் முதல் வாரம் ஸ்டோர்ஸில் நின்று எண்ணிப் பழகுங்கள். கொள்முதல் பிரிவில் அமர்ந்தால், ஆர்டருக்கு அந்தப் பக்கம் நம்மூர்க்காரர் ஒருவர் வட்டிக்கு வாங்கி லேத் ஓட்டுகிறார் என்பதை மறவாதீர்கள்.

வாழ்க நம் கல்லூரி!