தேக்காவை வாழவைத்த சுவா சூ காங்

சிங்கப்பூரில் கடைகடையாக ஏறி இறங்க நினைக்கும் பயணிக்கு எழுதப்படும் வழிகாட்டிகள் தேக்கா என்றும் அழைக்கப்படும் லிட்டில் இந்தியாவைப் பற்றிச் சொல்லும் கதை பெரும்பாலும் ஒன்றுதான். இந்தியர்கள் வந்து குடியேறிய பேட்டை அது. அவர்கள் அங்கேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்ததால் தங்கக் கடையும் சேலைக் கடையும் பூக்கடையும் பூசைச் சாமான் கடையும் அங்கே தழைத்தன என்பார்கள். இதில் பாதிதான் சரி. பேட்டை பழையது, சந்தேகமில்லை. ஆனால் இன்று பயணி தேடிப்போகும் அந்தச் சிறப்பங்காடிகளை உருவாக்கியது அங்கே குடியிருந்தவர்களைவிட, அங்கிருந்தும் மற்ற இந்தியப் பேட்டைகளிலிருந்தும் கிளம்பித் தீவெங்கும் அடுக்குமாடி வீடுகளுக்குப் போனவர்கள்தான். லிட்டில் இந்தியாவின் முதன்மைத் தெருவான சிராங்கூன் சாலையின் வணிக வரலாற்றை எழுத உட்காருபவர் அடுக்குமாடிப் புதுநகரான சுவா சூ காங்கிலிருந்து தொடங்குவது நல்லது.

முதலில் பழைய கதையைப் பார்த்துவிடுவோம். 19ஆம் நூற்றாண்டில் இந்த வட்டாரம் மாட்டுக்குப் பேர்போனது. தண்ணீரும் புல்லும் கிடைத்ததால் கொட்டில்கள் வந்தன. பஃப்ளோ ரோடும் கெர்பாவ் ரோடும் அந்தக் காலத்தின் மிச்சம். பெலிலியோஸ் என்ற மாட்டு வியாபாரியின் பெயரில் இன்றும் தெரு இருக்கிறது. மாடு மேய்த்தவர், பால் கறந்தவர், செங்கல் சூளையிலும் முனிசிபல் வேலையிலும் இருந்தவர் என்று உழைப்பாளிகள் சுற்றிக் குடியிருந்தார்கள். அவர்களுக்கு வேண்டியது அரிசி, பருப்பு, எண்ணெய், வெற்றிலை, வேட்டி. கடைகளும் அப்படியே இருந்தன. 1905 வாக்கில் சிங்கப்பூர் வந்த பி. கோவிந்தசாமி பிள்ளை மளிகைக் கடையில் தொடங்கித்தான் துணிக்கும் மாவு மில்லுக்கும் போனார். 1947இல் திறந்த கோமள விலாஸ் பசித்தவனுக்குச் சோறு போட்ட இடம், சுற்றுலாக் காட்சி அன்று. சுருங்கச் சொன்னால், நடந்து வரும் தூரத்தில் இருந்தவர்களின் அன்றாடக் கடைத்தெரு.

அதைவிட முக்கியம், அது ஒன்றே ஒன்றாக இருக்கவில்லை. மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்களின் கிட்டங்கிகள், சூலியா ஸ்திரீட்டில் தமிழ் முஸ்லிம் வணிகர்கள், தஞ்சோங் பகாரில் துறைமுகத்தையும் ரயிலையும் நம்பியிருந்த தமிழர்கள், செம்பவாங்கில் கடற்படைத் தளத்தைச் சுற்றி மலையாளிகளும் தமிழர்களும். ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனி மளிகைக் கடை, தையல்காரர், பத்தர். கடற்படைத் தளத்தைப் பிரிட்டிஷார் 1971இல் கைவிட்டார்கள். கிட்டங்கிகள் நகரச் சீரமைப்பில் இடிந்தன. துறைமுகக் குடியிருப்புகள் காலியாயின. இத்தனை பேட்டைகளின் வாடிக்கையும் ஒரே இடத்தில் போய்ச் சேரக் காரணம் என்ன என்பதுதான் கேள்வி.

விடை 1989இல் இருக்கிறது. அந்த ஆண்டு மார்ச் மாதம் இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடப்புக்கு வந்தது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் இந்தியரும் பிறரும் சேர்ந்து ஒரு வட்டாரத்தில் 10 விழுக்காட்டையும் ஒரு புளோக்கில் 13 விழுக்காட்டையும் தாண்டக் கூடாது என்றது (2010இல் இவை 12, 15 ஆயின). அதே ஆண்டு ஜூலையில் லிட்டில் இந்தியா பாதுகாக்கப்படும் பகுதியாக அறிவிக்கப்பட்டது. ஒரு கையால் ஆட்களைப் பரப்பி, மறு கையால் கட்டடங்களை நிறுத்திவைத்தது அரசு. இரண்டும் ஒரே திட்டத்தின் இரு பக்கங்கள் என்று நான் சொல்லவில்லை. விளைவு மட்டும் ஒன்றோடொன்று பின்னிப்போனது. மிளகும் கம்பீரும் விளைந்து, பிறகு ரப்பரும் கம்பத்து வீடுகளுமாக இருந்த சுவா சூ காங் அப்போதுதான் புதுநகராக எழும்பிக்கொண்டிருந்தது. 1990 மார்ச்சில் எம்ஆர்டி நிலையம், 1996இல் லாட் ஒன் கடைத்தொகுதி. அங்கே வீடு வாங்கிய தமிழ்க் குடும்பத்துக்குப் பள்ளி, மருந்தகம், ஈரச்சந்தை எல்லாம் கீழே இறங்கினால் கிடைத்தன. தாலி மட்டும் கிடைக்கவில்லை.

கணக்குப் போட்டால் ஏன் என்று புரியும். 2020 கணக்கெடுப்பில் சுவா சூ காங் வட்டாரத்தில் சுமார் 1.9 லட்சம் குடியிருப்பாளர்கள். நாட்டின் இந்தியர் விகிதமான ஒன்பது விழுக்காட்டை அப்படியே பொருத்தினால் பதினேழாயிரம் பேர். அவர்களில் தமிழர் பாதிக்குச் சற்று மேல். குடும்பமாகப் பார்த்தால் மூவாயிரத்துக்குள் அடங்கிவிடும். ஒரு மினிமார்ட்டுக்கு இது தாராளம்; கறிவேப்பிலையும் இட்லி மாவும் வைத்தால் விற்றுவிடும். தாலி அப்படியில்லை. அதன் வடிவம் ஊருக்கு ஊர், குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். மாப்பிள்ளை வீட்டார் கேட்கும் வடிவம் கையில் இல்லாத கடையில் அவர்கள் சங்கிலியும் வாங்கமாட்டார்கள். அத்தனை வடிவத்தையும் 916 தங்கத்தில் செய்து அடுக்கிவைக்கத் தீவு முழுவதன் கல்யாணங்களும் ஒரே தெருவுக்கு வந்தாக வேண்டும். பூவுக்கு இந்த நெருக்கடி இன்னும் கூர்மை. தமிழ்நாட்டிலிருந்து விமானத்தில் வரும் மல்லி மறுநாள் பழுத்துவிடும். கடை முன் நடைபாதையான அஞ்சடியில் ஒரு மேசையைப் போட்டு, மல்லியை முழக்கணக்கில் அளந்து, பக்கத்தில் கல்யாண மாலைக்குச் சம்பங்கியையும் ரோஜாவையும் நெருக்கிக் கட்டிக்கொண்டிருப்பவர், இன்று வந்ததை இன்றே தள்ளினால்தான் பிழைப்பு. ஈசூனிலிருந்தும் ஜூரோங்கிலிருந்தும் சுவா சூ காங்கிலிருந்தும் ஆள் வரும் இடத்தில்தான் அது முடியும். லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேனில் 1960இல் தொடங்கிய ஜோதி ஸ்டோர் பூவோடு பூசைச் சாமான்களுக்கும் பெயர்பெற்ற கடையாக வளர்ந்ததும் இந்த வாடிக்கையால்தான். தைப்பூசத்துக்குப் பால்குடமோ காவடிச் சாமானோ வேண்டுமென்றால் அடுக்குமாடிவாசி வேறெங்கே போவார்?

இதற்கு எதிராக வலுவான ஒரு வாதம் அமெரிக்காவிலிருந்து வருகிறது. சிகாகோவின் டெவன் அவென்யூ 1970களில் இப்படித்தான் உருவானது. 1974இல் படேல் பிரதர்ஸ் முதல் கடையைத் திறந்தது அங்கேதான். புறநகரங்களில் பரவி வாழ்ந்த இந்தியர்கள் வார இறுதியில் காரில் வந்து சேலை, நகை, மளிகை எல்லாம் வாங்கிப்போனார்கள். பிறகு நேப்பர்வில் போன்ற புறநகரங்களுக்கே கடைகள் போய்விட, டெவனின் பழைய நெரிசல் தளர்ந்தது. பரவல் கடைத்தெருவை வளர்க்கும் என்றால் அங்கே ஏன் தேய்த்தது? வேறுபாடு நான் மேலே சொன்ன விழுக்காட்டில் இருக்கிறது. அமெரிக்கப் புறநகரில் இந்தியர்கள் எவ்வளவு பேர் வேண்டுமானாலும் ஒரே இடத்தில் கூடலாம், கூடினார்கள், கடைகள் பின்னாலேயே போயின. சுவா சூ காங்கில் அதற்கு உச்சவரம்பு உண்டு. எந்தப் புதுநகரும் இரண்டாவது தேக்காவாக முடியாது. போதாக்குறைக்குத் தீவும் சிறியது. 2015 டிசம்பரில் டவுன்டவுன் ரயில்பாதை நீண்டபின், சுவா சூ காங்வாசி எல்ஆர்டி இலகு ரயிலில் புக்கிட் பாஞ்சாங் போய் ரயில் மாறினால் நேரே லிட்டில் இந்தியா நிலையத்தில் இறங்கலாம்.

சுற்றுலாதான் இந்தத் தெருவைத் தாங்குகிறது என்பது இன்னொரு வாதம். யானைப் பொம்மையும் மருதாணிக் கடையும் அதனால் நிற்கின்றன, உண்மைதான். ஆனால் எந்தப் பயணி வாழைக்கன்றும் மாவிலைத் தோரணமும் வாங்கி விமானம் ஏறுகிறார்? பொங்கலுக்கு முன் கரும்புக் கட்டு இறங்குவது யாருக்காக? வெளிநாட்டு ஊழியர்கள்தான் முதுகெலும்பு என்பவர்களை அவ்வளவு எளிதாக ஒதுக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அவர்களுடையது. பணம் அனுப்பும் கடையும் முஸ்தபாவும் அவர்களால் நிறைகின்றன. 1971இல் கேம்பல் லேனில் ஆயத்த ஆடைக் கடையாகத் தொடங்கிய முஸ்தபா இன்றைய உருவத்துக்கு வளர்ந்ததில், ஊருக்குப் பெட்டி கட்டுகிறவர்களுக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் அவர்களும் தீவின் ஓரங்களில், சுங்கை காடுட், கிராஞ்சி, துவாஸ் பக்கத்து விடுதிகளில் சிதறி வாழ்பவர்களே. அவர்கள் வரவு என் வாதத்தை உறுதிதான் செய்கிறது.

ஒன்றை மட்டும் நான் மறுக்க முடியாது. கல்யாணப் பட்டு எடுக்கச் சென்னை தி. நகருக்கே பறக்கும் வசதி இப்போது பல குடும்பங்களுக்கு உண்டு. சேலைக் கடைகள் அதன் அடியை வாங்கிக்கொண்டிருக்கின்றன. வாடகையும் சேர்ந்துகொண்டது. பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2001இல் முற்றாக நீக்கப்பட்டபின் லாபம் குறைந்த தொழில்களுக்குக் கடைவீடுகள் கட்டுப்படியாகவில்லை. மசாலா அரைக்கும் மில்கள் அருகின. கிளி ஜோசியர் அநேகமாக மறைந்தார். கட்டடத்தின் கூரையையும் சன்னலையும் பாதுகாக்கும் சட்டம் உள்ளே நடக்கும் தொழிலின் வாடகையைக் குறைக்காது. ஆகவே தேக்காவின் எதிர்காலம் வழிகாட்டி நூலைப் பார்த்து வருபவரிடம் இல்லை. சுவா சூ காங்கில் பத்தாவது மாடியில் இருப்பவர், இணையத்தில் மாலை சொல்லிவிடலாமா, ரயில் ஏறிப் போய் வாங்கலாமா என்று யோசிக்கும்போது என்ன முடிவெடுக்கிறார் என்பதைப் பொறுத்தது அது. ரயில் ஏறுங்கள்.