பேக்கப், ஃபார்மேட், ரீஸ்டோர்: ஒரு புற்றுநோயின் 180 வருஷக் கதை

கொஞ்ச நாளா இந்தப் பக்கம் வரல. ஆணி அதிகம். இன்னைக்கு மொக்கை இல்ல, சீரியஸ் பதிவு. நீளமும் ஜாஸ்திதான். டீ எடுத்துக்கிட்டு உக்காருங்க.

1845, லண்டன். நாற்பதைத் தாண்டிய ஒரு மளிகைக் கடைக்காரர். பேரு தாமஸ் மெக்பீன். எலும்பெல்லாம் வலி, நடந்தா உயிர் போகுது. டாக்டர்கள் அட்டை விட்டு ரத்தம் எடுத்தாங்க, இரும்புச்சத்தும் குயினைனும் கொடுத்தாங்க. ஒண்ணும் கேக்கல. அவரோட சிறுநீர்ல ஒரு விசித்திரம் மட்டும் கண்ணுல பட்டது. சூடு பண்ணினா அதுல இருக்கிற ஏதோ ஒண்ணு கரைஞ்சு போகுது, ஆறினா திரும்பத் திரியுது. முட்டை வெள்ளைக்கரு சூட்டுல கெட்டியாகும், இது அதுக்கு நேர் எதிர். அந்த மாதிரியை ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ்ங்கிற வேதியியல் தெரிஞ்ச டாக்டருக்கு அனுப்பினாங்க. அவர் அது ஒரு புரதம்னு கண்டுபிடிச்சு எழுதினார். மெக்பீன் 1846 ஜனவரி 1ஆம் தேதி இறந்துட்டார். அந்தப் புரதத்துக்கு இன்னைக்கும் பென்ஸ் ஜோன்ஸ் புரதம்னுதான் பேர். நோய்க்கு 'மல்டிபிள் மைலோமா'ங்கிற பேர் 1873ல வந்தது.

நோய் என்னன்னு சுருக்கமா சொல்லிடறேன். எலும்பு மஜ்ஜையில பிளாஸ்மா செல்னு ஒரு வகை இருக்கு. கிருமிகளை எதிர்க்கிற புரதங்களைத் தயாரிக்கிறது அதோட வேலை. அதுல ஒண்ணு கெட்டுப்போய், தன்னைத்தானே காப்பி அடிச்சுக்கிட்டே, உதவாத ஒரே புரதத்தைக் கொட்டித் தள்ள ஆரம்பிச்சா அதுதான் மைலோமா. எலும்பு அரிச்சுப் போகும், ரத்தசோகை வரும், கால்சியம் ஏறும், கிட்னி அடிபடும்.

இதுக்கு முதல்ல பிரபலமான மருந்து யூரித்தேன். 1940களின் கடைசியில ஆரம்பிச்சு பதினஞ்சு வருஷத்துக்கு மேல உலகம் பூரா கொடுத்தாங்க. 1966ல ஒரு அமெரிக்கக் குழு 83 நோயாளிகளை வச்சு ஒரு காரியம் பண்ணுச்சு. ஒரு பாதிக்கு யூரித்தேன், மறுபாதிக்கு செர்ரியும் கோலாவும் கலந்த சுவையில வெறும் சிரப். முடிவு? நோய் குறையறதுல வித்தியாசமே இல்ல. சிரப் குடிச்சவங்கதான் கூடுதல் நாள் இருந்தாங்க! பதினஞ்சு வருஷமா டாக்டர்கள் நம்பிக்கையோட எழுதிக் கொடுத்த மருந்து, கலர் தண்ணிகிட்ட தோத்துப் போச்சு.

இந்த இடத்தை ஞாபகம் வச்சுக்கங்க. இந்தப் பதிவோட சாரமே இதுதான்: "நல்லா இருக்கு"ன்னு யாராவது சொன்னா "எதோட ஒப்பிட்டா?"ன்னு கேக்கணும்.

வேலை செஞ்ச முதல் மருந்து மெல்ஃபலான். முதல் உலகப்போர்ல ஆளைக் கொன்ன மஸ்டர்ட் வாயுவோட ஒண்ணுவிட்ட பங்காளி. நைட்ரஜன் மஸ்டர்டை ஒரு அமினோ அமிலத்தோட ஒட்டவச்சு 1953ல லண்டன்ல தயாரிச்சாங்க. 1958ல சோவியத் டாக்டர்கள் மைலோமாவுக்குக் கொடுத்துப் பலன் பார்த்தாங்க. மாத்திரையா, ஸ்டீராய்டோட சேர்த்துக் கொடுக்கிறது முப்பது வருஷத்துக்கு உலக வழக்கமாச்சு. ஆனா நோய் முழுசா மறையறது ரொம்ப அபூர்வம். சராசரியா மூணு வருஷம், அவ்ளோதான்.

1983ல லண்டன் ராயல் மார்ஸ்டன் மருத்துவமனையில மெக்எல்வெய்ன், பவுல்ஸ் என்ற ரெண்டு டாக்டர்கள் துணிஞ்சு இறங்கினாங்க. மாத்திரை வேணாம், ஒரே தடவையில பெரிய டோஸா நரம்புல ஏத்துவோம்னு. மொத்தமே 9 நோயாளிகள். முன்னாடி சிகிச்சையே எடுக்காத அஞ்சு பேர்ல மூணு பேருக்கு நோயோட தடயமே மறைஞ்சது. அதுக்கு முன்னாடி யாரும் பாக்காத விஷயம். ஆனா விலை? அந்த டோஸ் நல்ல மஜ்ஜையையும் சேர்த்து எரிச்சிடும். வெள்ளை அணு இல்லாம வாரக்கணக்கில படுத்துக் கிடக்கணும், சின்னக் கிருமி போதும் ஆளை முடிக்க.

நம்ம தொழில்காரங்களுக்கு விடை உடனே தோணும். ஃபார்மேட் பண்றதுக்கு முன்னாடி பேக்கப் எடு! ஸ்டெம் செல் மாற்று சிகிச்சைன்னு சொல்றது மைலோமாவுல பெரும்பாலும் இதுதான். நோயாளியோட சொந்த ஸ்டெம் செல்லை எடுத்து வச்சுக்கறது, மெல்ஃபலானால மஜ்ஜையைத் துடைக்கறது, செல்லைத் திரும்ப ஏத்தறது. பேக்கப், ஃபார்மேட், ரீஸ்டோர். அமெரிக்காவில பார்லோகி என்பவர் 80களின் நடுவில இதைச் செஞ்சு காட்டினார். ஒரே சிக்கல், எடுத்த பேக்கப்லயே வைரஸ் கொஞ்சம் ஒளிஞ்சிருக்கலாம், ஃபார்மேட்டும் நூறு சதம் துடைக்காது. அதனாலதான் பலருக்கு நோய் சில வருஷத்துல திரும்புது. அடுத்தவர் மஜ்ஜையை வச்சா இந்தச் சிக்கல் குறையும். ஆனா வந்த செல்கள் நோயாளியோட உடம்பையே எதிரியா நினைச்சுத் தாக்கும். அந்த வழியில ஆரம்ப காலத்துல சிகிச்சையாலயே செத்தவங்க நிறைய.

சரி, "எதோட ஒப்பிட்டா?" அதுக்கு 1996 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. பிரான்ஸ்ல அத்தால் தலைமையில 65 வயசுக்கு உட்பட்ட 200 பேரைக் குலுக்கல் முறையில ரெண்டாப் பிரிச்சாங்க. அஞ்சு வருஷத்துக்கு உயிரோட இருக்க வாய்ப்பு: பழைய கீமோவுல 12 சதம், மாற்று சிகிச்சையில 52 சதம். 2003ல பிரிட்டன்ல 401 பேர்: சராசரி ஆயுள் 42 மாசத்துலேர்ந்து 54 மாசமாச்சு. ஆனா 2006ல வந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வுல ஆயுள்ல வித்தியாசமே இல்ல. காரணம் சுவாரசியம்: பழைய கீமோ குரூப்ல நோய் திரும்பினவங்களுக்கு அப்புறமா மாற்று சிகிச்சை செஞ்சாங்க. அதாவது முன்னாடியா பின்னாடியாங்கற கேள்விதான் அது, வேணுமா வேணாமாங்கற கேள்வி இல்ல.

இதே காலத்துல மார்பகப் புற்றுநோய்க்கும் இதே வித்தையை ஆயிரக்கணக்கான பெண்களுக்குச் செஞ்சாங்க. தென்னாப்பிரிக்காவின் பெஸ்வோடா 1999ல அருமையான முடிவுகளைக் காட்டினார். 2000ல போய்த் தணிக்கை பண்ணினா, முடிவுகள் மோசடி. ஒழுங்கா நடந்த மத்த ஆய்வுகள்ல பலன் நிக்கல, அந்த நோய்க்கு இந்தச் சிகிச்சையே கைவிடப்பட்டது. ஒரே வித்தை, ஒரு நோய்ல பாஸ், இன்னொண்ணுல ஃபெயில். ஒப்பிட்டுப் பார்க்காம இருந்திருந்தா ரெண்டும் ஒண்ணாத்தான் தெரிஞ்சிருக்கும்.

நம்ம ஊருக்கு வருவோம். இந்தியாவில முதல் மஜ்ஜை மாற்று 1983ல மும்பை டாடா நினைவு மருத்துவமனையில. தமிழ்நாட்டில 1986ல வேலூர் சி.எம்.சி.யில மேமன் சாண்டி ஆரம்பிச்சார். அடுத்தவர் மஜ்ஜையை வச்சு தலசீமியாக் குழந்தைகளைக் காப்பாத்தறதுல வேலூர் பேர் வாங்கினது.

இங்க நான் ரொம்ப ரசிச்ச விஷயம் ஒண்ணு. மேல்நாட்டுல எடுத்த செல்லைத் திரவ நைட்ரஜன்ல, மைனஸ் 196 டிகிரிக்குப் பக்கத்துல உறைய வைப்பாங்க. செலவு ஜாஸ்தி, உறையும்போது செல் உடையாம இருக்க ஒரு ரசாயனமும் சேர்க்கணும். மெல்ஃபலானோ ரத்தத்துல சில மணி நேரம்தான் இருக்கும். ஒரு நாள் கழிச்சு செல்லைத் திருப்பி ஏத்திடலாம். அப்ப எதுக்கு நைட்ரஜன்? 4 டிகிரியில, ரத்த வங்கி ஃபிரிட்ஜ்லயே ரெண்டு மூணு நாள் வச்சா போதுமே! இந்தியாவில பல மருத்துவமனைகள் இப்படித்தான் செய்யறாங்க, செல் ஒழுங்கா ஊன்றிக்குது. மருந்து ஏறும்போது ஐஸ் கட்டியை வாயில போட்டுச் சப்பச் சொல்றதும் இதே மாதிரி சிக்கனமான புத்திசாலித்தனம். வாய் ரத்தக்குழாய் சுருங்கி, மருந்து அங்க கம்மியாப் போய், புண்ணு குறையும்.

இதெல்லாம் நான் ஏன் நோண்டறேன்னா, பொம்மையார்பாளையத்துல இருக்கிற எங்க பெரியப்பாவுக்கு மைலோமா. வயசு 57. மேல்நாட்டுல இந்த நோய் பெரும்பாலும் எழுபதை ஒட்டித்தான் வரும், நம்ம ஆளுங்களுக்கு ஒரு பத்து வருஷம் முன்னாடியே வருது. எட்டு மாசம் முதுகுவலின்னு ஒரு இடத்துல ஊசி போட்டுக்கிட்டே இருந்தார். கடைசியில ரத்தசோகையைப் பார்த்து வேறொரு டாக்டர் சந்தேகப்பட்டார். இப்ப மருந்துல நோய் நல்லா அடங்கியிருக்கு, அடுத்து மாற்று சிகிச்சை செய்யலாம்னு சொல்றாங்க. ஊருக்குப் பக்கத்துலயே கோரிமேட்டுல ஜிப்மர்லயும் இது நடக்குது, அது ஒரு ஆறுதல். பெரியப்பா என்கிட்ட கேட்டது ஒண்ணுதான்: "எலும்பை அறுத்து வேற எலும்பு வைப்பாங்களாடா?" இல்ல பெரியப்பா, ரத்தம் ஏத்தற மாதிரி ஒரு பாட்டில், அவ்ளோதான். பெரியம்மா கேட்டது வேற: "சவுக்குத் தோப்பை வித்துடறோம், பூரணமா குணமாயிடுமா தம்பி?"

அதுக்குப் பதில் சொல்லத்தான் இத்தனையும் படிச்சேன். ஏன்னா 1996ல தோத்த எதிராளி இப்ப இல்ல. 1999ல தாலிடமைடு திரும்பி வந்தது (பச்சைக் குழந்தைகளைக் கை கால் இல்லாமப் பிறக்க வச்ச அதே மருந்துதான்!). 2003ல போர்டிசோமிப், 2006ல லெனாலிடமைடு. இப்ப நம்ம ஊர்க் கம்பெனிகளே இதையெல்லாம் குறைஞ்ச விலையில தயாரிக்கிறாங்க. இந்த மருந்துகளோட ஒப்பிட்டா மாற்று சிகிச்சை ஜெயிக்குதா? 2022ல வந்த அமெரிக்க ஆய்வு, 722 பேர். நோய் திரும்பாம இருந்த காலம்: மருந்து மட்டும் 46 மாசம், மாற்று சிகிச்சையும் சேர்த்தா 67 மாசம். ஆனா அஞ்சு வருஷ முடிவுல உயிரோட இருந்தவங்க ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட 80 சதம்.

ரெண்டு எண்ணையும் சேர்த்துப் படிக்கணும். முதலாவது, 1996ல சிறந்த பிரிவுக்கே 52 சதம், இன்னைக்கு ரெண்டு பிரிவுக்கும் 80. இருபத்தாறு வருஷ உழைப்பு அது. ரெண்டாவது, மாற்று சிகிச்சை தர்றது பெரும்பாலும் நிம்மதியான கூடுதல் காலம், 21 மாசம். பூரண குணம்னு யாரும் சத்தியம் பண்ண முடியாது.

பெரியம்மாகிட்ட அப்படியேதான் சொன்னேன். குணமாகும்னு நம்பித் தோப்பை விக்காதீங்க. ரெண்டு வருஷத்துக்குக் கிட்ட நோய் தள்ளிப்போகும், அதுக்கு எவ்வளவு செலவு, காப்பீட்டுத் திட்டத்துல எவ்வளவு வரும், செல்லை இப்ப எடுத்து வச்சுட்டு சிகிச்சையைப் பின்னாடி செய்யலாமா, அப்புறம் மாத்திரை எத்தனை வருஷம், இந்த நாலையும் டாக்டர்கிட்ட கேட்டுட்டு முடிவு பண்ணுங்கன்னு. கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "ரெண்டு வருஷம்னா சின்னவ கல்யாணத்தைப் பாத்துடுவாரு இல்ல?"ன்னாங்க. அந்தக் கணக்கு எந்த ஆய்வுலயும் இல்ல மக்களே. அதைப் போடற உரிமையும் அவங்களுக்கு மட்டும்தான்.

கடைசியா ஒரு வேண்டுகோள். உங்க வீட்டுல அம்பது தாண்டினவங்களுக்கு மாசக்கணக்கா முதுகுவலியும் கூடவே ரத்தசோகையும் இருந்தா, வெறும் ஊசியோட நிறுத்தாதீங்க. ரத்த அணுக்கள், கிரியேட்டினின், கால்சியம், அதோட ரத்தப் புரதத்தைப் பிரிச்சுப் பார்க்கிற எலக்ட்ரோஃபோரசிஸ் டெஸ்ட், இதெல்லாம் வேணுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்ல, பொட்டி தட்டறவன். முடிவை உங்க டாக்டரோட எடுங்க. இந்தச் சிகிச்சையைக் கடந்து வந்தவங்க யாராவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க, பெரியப்பாவுக்குப் படிச்சுக் காட்டறேன்.